கேஸ்காவுக்கு மட்டும் கேட்ட சத்தம்

இதனால் கால்வாய்க்கரைத் தெருவாசிகள் அனைவருக்கும், நகர மக்களுக்கும், வருங்காலச் சந்ததியினருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அக்டோபர் மாதம் முதல் தேதி காலை பத்தரை மணி தொடங்கி, நம் தெருவில் இனி எவரும் பிறர் உதவியின்றிச் சுதந்திரமாக வாழ நேராது.

இதை எழுதியவர் டீடரிக் ஃபான் ஒமன். காப்பீட்டு நிறுவனத்தில் வட்டார மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது பிரதி எடுத்து, தெரு முழுக்கக் கதவுகளின் தபால் துளைகளில் போட்டவன் நான். கடைசி வரியில் ஏதோ இடிக்கிறதே என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இடிக்கல. கம்பீரமா இருக்கு" என்றார்.

இப்படித்தான் எங்கள் அண்டைவீட்டார் நலச் சங்கம் பிறந்தது. டீடரிக் தலைவர். நான் செயலாளர், யார் செயலாளர் என்று கேட்கப்பட்ட நேரத்தில் நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். நோக்கம் என்னவோ நல்ல நோக்கம்தான். வயதானவர்கள் கடைசிவரை சொந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அரசாங்கம், உதவிக்கு இனி அதிகமாக ஆள் அனுப்ப மாட்டோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் மரியாதையாகக் கடிதம் போட்டுவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் ஒரு படிவம் சுற்றி வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'உதவ விரும்புகிறேன்.' மற்றொன்று, 'உதவி தேவை.' வந்திருந்த இருபத்திரண்டு பேரின் சராசரி வயது எழுபத்து நான்கு. இருபத்திரண்டு பேரும் முதல் கட்டத்தில் குறி போட்டார்கள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரும், மூக்கில் குழாயோடு வந்தவரும் உட்பட. எங்கள் ஊரில் உதவி செய்வது பெருமை. உதவி கேட்பது, பிறந்தநாள் வீட்டில் இரண்டாவது துண்டு கேக் கேட்பதைப் போல. வாய்விட்டுக் கேட்டவர்களைப் பத்து வருடம் கழித்தும் பேசிக்கொண்டிருப்போம்.

கூட்டம் முடியும் நேரத்தில் கேஸ்கா டெர்ப்ஸ்ட்ரா வந்தார். எண்பத்து மூன்று வயது. எங்கள் தெருமுனையில் இருக்கும் தூக்குப்பாலத்தை முப்பத்தெட்டு வருடம் ஏற்றி இறக்கியவர். பாலத்தை இப்போது நகரத்திலிருந்து யாரோ கேமரா பார்த்து இயக்குகிறார்கள். கேஸ்கா படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டாவது கட்டம் மொத்தமா காலியா இருக்கே, பாவம்" என்று சொல்லி அதில் ஒரு குறி போட்டார்.

டீடரிக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன தேவை? கூச்சப்படாதீங்க."

"மாசத்துக்கு ஒரு தடவை வெளிப்பக்கம் ஜன்னல் கழுவுவேன். ஏணியை அடியில ஒருத்தர் பிடிச்சா போதும்."

காப்பீட்டுத் துறையில் நாற்பது வருடம் இருந்தவர் முன்னால் ஏணி என்ற சொல்லை அப்படிச் சட்டென்று சொல்லியிருக்கக் கூடாது.

"ஏணியா?" என்றார் டீடரிக். "நீங்களா ஏறப்போறீங்க?"

"இல்ல, பூனையை ஏத்துவேன். நான்தான்டா."

அன்று முடிவதற்குள் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. கேஸ்கா இனி எதன் மீதும் ஏறக் கூடாது. எழுபது வயதுக்கு மேற்பட்ட தொண்டர்களும் ஏறக் கூடாது. எழுபதுக்குக் கீழே இருந்த தொண்டன் நான் ஒருவன்தான். மூன்றாவது தீர்மானம், செயலாளருக்குக் களப்பணி கிடையாது. ஆக, ஜன்னல் கழுவ வழியில்லை. ஆனால் அதைத் தவிர வேறு எல்லா உதவியும் கிடைத்தது. சங்கத்தின் முழுப் பலமும் அந்த ஒரே பெண்மணியின் மீது இறங்கியது.

திங்கட்கிழமை ஹில்பிராண்ட் வந்து அவரை நடக்கக் கூட்டிப் போனார். பால்பவுடர் ஆலையின் இயந்திர அறையில் முப்பது வருடம் இருந்தவர். இடுப்பு சரியில்லாததால் திரும்பி வரும்போது கேஸ்காதான் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார். செவ்வாய்க்கிழமை வில்மின் என்பவர் சூப் கொண்டுவந்தார். சூப்பில் உப்பு இருக்காது, உடம்புக்கு ஆகாது என்று. புதன்கிழமை டீடரிக் வந்து 'பொதுவான நிலவரம்' பார்த்தார். வியாழக்கிழமை வேறு இருவர் வந்து, புதன்கிழமை நிலவரம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் சமையலறை மேசையில் இருந்த நீல நிற ஃபைலில் செய்ததையும் கண்டதையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். வீட்டுக்கு வரும் செவிலியர்கள் அப்படித்தான் செய்வார்கள். எங்களுக்கும் ஃபைல் வேண்டும் என்று டீடரிக் ஆசைப்பட்டார்.

சங்கத்தின் முதல் சாதனை, கேஸ்கா வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் பொருத்தியது. அலாரங்களைத் தள்ளுபடியில் வாங்கினோம். பேட்டரி தனி. வீட்டில் கிடப்பதை ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள் என்று சுற்றறிக்கை போட்டோம். டீடரிக் தன் பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தார். "பாதி உயிர் இருக்கு. வீணாக்கலாமா?" என்றார். அது பரணில் மாட்டிய அலாரத்துக்குள் போனது. கூலிக்கு வந்த எலக்ட்ரீஷியன் அதைப் பொருத்தினார்; டீடரிக் கீழே நின்று வார இதழுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் யாருக்கோ உறைத்தது. பரணுக்குப் போகும் படி செங்குத்து, கிட்டத்தட்ட ஏணி. உடனே டீடரிக் சாலை வேலைக்காரர்கள் கட்டும் சிவப்பு வெள்ளை நாடாவை வாங்கி வந்து படியின் குறுக்கே கட்டினார். எங்கள் ஊர்ச் சம்பிரதாயப்படி ஓர் ஒப்பந்தமும் எழுதி நீட்டினார்: வீட்டுக்காரர் நாடாவைத் தாண்ட மாட்டார்.

கேஸ்கா அந்த நாடாவை வெகுநேரம் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் பாலத்தில் சிவப்பு வெள்ளைக் கம்பத்தை இறக்கியவர். இறங்கிய கம்பத்துக்கு அடியில் சைக்கிளோடு குனிந்து நுழைந்தவர்களை, அவர்கள் பாதிரியாராக இருந்தாலும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் திட்டியவர். அவருக்குச் சிவப்பும் வெள்ளையும் என்றால் நில் என்றுதான் பொருள். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்பதெல்லாம் அப்புறம். கையெழுத்துப் போட்டார். அவரை எங்களால் கட்டிப்போட முடிந்தது அந்த ஒரு வழியில்தான். அது டீடரிக்குத் தெரியாமலேயே அமைந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் சத்தம் ஆரம்பித்தது.

"நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சுனு கத்துது" என்றார் கேஸ்கா, ஹில்பிராண்டிடம். "மேல எங்கயோ."

ஹில்பிராண்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு நிமிடம். "ஒண்ணும் இல்லையே."

"இப்பகூடக் கத்திச்சே!"

"பறவையா இருக்கும்."

"பறவைன்னா ரெண்டு நாள்ல செத்திருக்கும். இது சாகவும் மாட்டேங்குது, நிறுத்தவும் மாட்டேங்குது."

மறுநாள் வில்மின் வந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் நாற்பத்தைந்து வருடம் முதல் வரிசையில் நிற்பவர். கண்ணை மூடிக்கொண்டு படிக்கு அடியில் நின்று கேட்டார். "கேஸ்கா, எனக்குக் கேக்காத சத்தம்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. இங்க ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னதைப் பரிவான சொற்களில் ஃபைலில் எழுதினார்.

'நாடாவை அவிழ்த்து யாராவது மேலே போய்ப் பாருங்கள்' என்று கேஸ்கா நான்கு முறை கேட்டிருக்கிறார். நான்கு முறையும் அது ஃபைலில் இருக்கிறது: 'பரணுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.' நாடாவை அவிழ்ப்பது பற்றிய பொருள் பிப்ரவரிக் கூட்டத்தில் ஏழாவதாக இருந்தது. ஆறாவதாக இருந்த சங்கத்தின் கொடி நிறம் முடிவதற்குள் காபி நேரம் வந்துவிட்டது.

இதற்கு நடுவே 'ஆண்டின் சிறந்த தெரு' என்ற பித்தளைப் பலகைக்கு விண்ணப்பிக்க டீடரிக் ஆசைப்பட்டார். நாங்கள் எவ்வளவு உழைக்கிறோம் என்று காட்ட நீல ஃபைல் முழுவதையும் நகல் எடுத்து நகராட்சிக்கு அனுப்பினார். நகராட்சியில் யாரோ ஒருவர் அதை உண்மையிலேயே படித்துவிட்டார்.

மறுவாரம் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கேஸ்கா என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. எங்கள் ஊரில் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தவர் உள்ளே வரமாட்டார்.

"படி" என்றார்.

படித்தேன். 'தொண்டர்களின் விரிவான குறிப்புகளைக் கொண்டு பார்க்கையில், தாங்கள் தனியே வசிப்பது பாதுகாப்பானதா என்ற கேள்வி எழுகிறது. அடுத்த புதன்கிழமை எங்கள் அலுவலர் தங்களோடு சமையலறை மேசையில் உரையாடுவார். மாலைக்கதிர் முதியோர் இல்லத்தில் தற்போது ஓர் அறை காலியாக உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"அங்க ஜன்னல் இவ்வளவுதான் திறக்குமாம்" என்றார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து. "சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சோறு போட்டுக் கதவைச் சாத்திடுவானாம். நான் போக மாட்டேன். என் வீட்டுல, என் சாவியோட இருப்பேன். உங்க நோட்டுல எழுதிக்கோ, செயலாளரே. இத்தனை எழுதினீங்களே, இதையும் எழுதிக்கோ."

"எழுதிக்கறேன்."

"உனக்கும் கேக்கலையா?"

"நான் உங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே."

"அப்போ புதன்கிழமை வா. காதை எடுத்துட்டு வா."

போனேன். அச்சகத்தில் இருபத்தாறு வருடம் இயந்திரத்தோடு குடும்பம் நடத்திய காதுகள் என்னுடையவை. படிக்கு அடியில் நின்று மூச்சை அடக்கிக் கேட்டேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேஸ்கா என் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. அந்த நிமிடம் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அலுவலர் யோரிண்டாவுக்கு முப்பது வயது இருக்கும். சைக்கிளில் மழையில் நனைந்து வந்தாள். சமையலறையில் கேஸ்காவோடு தனியாகப் பேசலாம் என்று நினைத்து வந்தவள், அங்கே எங்கள் நான்கு பேரைக் கண்டாள். கேஸ்காவுக்கு ஆதரவாக வந்திருக்கிறோம் என்று டீடரிக் விளக்கினார்.

கேஸ்கா கெட்டிலை எடுக்கப் போனார். "உக்காருங்க, உக்காருங்க!" என்று வில்மின் அதைப் பிடுங்கிக்கொண்டார். பிஸ்கெட் டப்பாவைத் திறக்கப் போனார். ஹில்பிராண்ட் முந்திக்கொண்டு திறந்து, ஆளுக்கு ஒன்று கொடுத்து, மூடினார்.

யோரிண்டா எழுதினாள். "காபி நீங்களே போட்டுக்குவீங்களா?"

"நாங்க விடறதில்ல" என்றார் வில்மின்.

"குளிக்கிறது?"

"கதவுக்கு வெளிய ஒருத்தர் நிக்கறோம்" என்றார் டீடரிக் பெருமையோடு.

"எதுக்குடா நிக்கிறீங்க?" என்றார் கேஸ்கா. "நாலு மாசமா கேக்கறேன்."

"பாத்தீங்களா," என்றார் டீடரிக் தாழ்ந்த குரலில், "நிலைமையோட தீவிரம் அவங்களுக்குப் புரியல."

யோரிண்டா இதையும் எழுதினாள். "இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?"

"செவ்வாய்" என்றார் ஹில்பிராண்ட்.

"புதன்" என்றார் கேஸ்கா. "செவ்வாய்னா வில்மின் சூப் வந்திருக்கும். இன்னிக்கு வரல. நல்ல நாள்."

யோரிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு ஃபைலைத் திறந்து மெல்ல வாசித்தாள். "'ஜனவரி பதினாறு. மீண்டும் சத்தம் கேட்பதாகச் சொன்னார். அன்பாக மறுத்தேன்.' 'ஜனவரி இருபத்து மூன்று. சத்தம். கையைப் பிடித்துக்கொண்டேன்.' 'பிப்ரவரி நான்கு. நான் செவிடு என்றார். மன்னித்தேன்.' இப்படி முப்பத்தொரு இடத்துல இருக்கும்மா." ஃபைலை மூடி அதன்மேல் கையை வைத்தாள். "மத்ததெல்லாம் கூடப் பரவாயில்ல. ஆனா இல்லாத சத்தம் கேக்குதுன்னா, ராத்திரி நீங்க தனியா இருக்கறதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

கேஸ்கா காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். கொஞ்சம் காபி தட்டில் சிந்தியது. ஃபைலில் எழுத வில்மினின் கை பேனாவைத் தேடியது.

"இப்போ கேக்குதாம்மா?" என்றாள் யோரிண்டா.

"இவங்க வாயை மூடினா கேக்கும்."

"ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம இருக்கலாமா?"

எங்கள் சங்கத்தின் வரலாற்றில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்தது அதுவே முதல் முறை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழை நின்றிருந்தது. முள் பாதிச் சுற்று போனது. முக்கால். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எதிரே, கேஸ்கா விரலைத் தூக்கிய அதே கணத்தில், யோரிண்டாவின் தலையும் சட்டென்று மேலே நிமிர்ந்தது.

வில்மின் என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "இந்தப் பொண்ணுக்கும் வந்துடுச்சு."

"பரண்ல புகை அலாரம் இருக்கா?" என்றாள் யோரிண்டா.

"நாங்க மாட்டினது" என்றார் டீடரிக். "தெருவிலேயே முதல்."

"பேட்டரி தீர்ந்தா இப்படித்தான் கத்தும். எங்க வீட்டுலயும் கத்திச்சு."

கேஸ்கா இரண்டு கைகளையும் மேசையில் பரப்பி வைத்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஏழு வாரத்து மூச்சு. பிறகு எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். நாடாவுக்கு முன்னால் நின்றார்.

"அவிழ்த்து விடு, டீடரிக்."

"அது கமிட்டித் தீர்மானம்மா. மார்ச் கூட்டத்துல முதல் பொருளா வைக்கறேன்."

"தாண்டிப் போயிடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள் யோரிண்டா.

"தாண்ட மாட்டேன். கட்டினவன்தான் திறக்கணும்."

யோரிண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய அடுத்த சமையலறை மேசை பதினொன்றரைக்கு. கேஸ்கா டீடரிக்கை மேலும் கீழும் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் படகுக்காரர்களைப் பார்த்த கண். யாரைத் திட்டினால் நகர்வான், யாருக்குக் கை காட்டினால் நகர்வான் என்று தெரிந்த கண்.

"சரி, அவிழ்க்க வேணாம்" என்றார். "வெட்டித் திறந்து வை. பரண் திறப்பு விழா. செயலாளர் போட்டோ எடுக்கட்டும். நகராட்சி அலுவலரே நேர்ல வந்திருக்காங்க, வார இதழ்காரன் முதல் பக்கத்துல போடுவான்."

டீடரிக்கின் கை தானாகவே கழுத்துப்பட்டையைச் சரி செய்தது.

"கத்தரிக்கோல் இருக்கா?" என்றார்.

மீன் வெட்டும் கத்தரிக்கோல் வந்தது. அவர் நான்கு நிமிடம் உரையாற்றினார். அண்டையன்பு, தடைகளை அகற்றுதல், புதிய உயரங்கள். நடுவில் நான்கு முறை கேஸ்காவும் யோரிண்டாவும் மட்டும் சேர்ந்தாற்போல் முகம் சுளித்ததை வைத்து, அலாரம் நான்கு முறை கத்தியது என்று கணக்கிட்டுக்கொண்டேன். நாடா வெட்டப்பட்டது. கை தட்டினோம்.

கை தட்டி முடிப்பதற்குள் கேஸ்கா மேலே இருந்தார். ஒரு கையில் துடைப்பம். எங்கள் வீட்டுப் பூனைகூட அந்தப் படியில் அவ்வளவு வேகமாக ஏறியிராது. துடைப்பக் கட்டையால் எதையோ இடிக்கும் சத்தம் கேட்டது. அது மட்டும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு, அந்த மாதிரிப் படியில் எப்படி இறங்க வேண்டுமோ அப்படி, முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மேல்சட்டைப் பையில் அலாரம்.

"நின்னுடுச்சா?" என்று ஹில்பிராண்ட் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

யோரிண்டா ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள்: தனியே வசிக்கலாம், இரவுக் கண்காணிப்பு தேவையில்லை. கையெழுத்துப் போட்டாள். பிறகு தோள்பையிலிருந்து காது பரிசோதனைப் படிவங்களை எடுத்து எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். "தேவைன்னா நான் உதவி பண்றேன்" என்றாள். நாங்கள் உதவி கேட்கவில்லை. படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கேஸ்கா பிஸ்கெட் டப்பாவை எடுத்து, மறுபடியும் திறந்து, யோரிண்டா பக்கம் நீட்டினார். இரண்டாவது பிஸ்கெட். எங்களுக்கு நீட்டவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை நான் போய் ஏணியை அடியில் பிடித்துக்கொள்கிறேன். ஜன்னல் கழுவப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. நான் ஃபைலில் எதுவும் எழுதுவதில்லை. ஃபைலைக் கேஸ்கா ஆடும் மேசைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

சங்கத்தின் ஆண்டறிக்கையை டீடரிக் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'இருபத்திரண்டு தொண்டர்களின் ஏழு வார இடையறாத அரவணைப்பின் பயனாக, கேஸ்கா டெர்ப்ஸ்ட்ரா அம்மையார் தம்மை வாட்டிய சத்தங்களிலிருந்து முற்றிலும் விடுபட்டு, இன்று தம் இல்லத்திலேயே சுதந்திரமாக வாழ்கிறார்.' அறிக்கை ஒருமனதாக நிறைவேறியது. ஜூன் மாதம் பித்தளைப் பலகையும் கிடைத்தது. தெருமுனையில், பாலத்துக்குப் பக்கத்தில் பதித்திருக்கிறோம்.

பேட்டரி தீர்ந்திருந்தது.